செலவில் எழுதிய கப்பல்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் மூன்று கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பர்மாத் தேக்கு நிலைக்கதவு, எனாமல் தூக்கு, இடித்த வீட்டிலிருந்து வந்த தூண், ரசம் போன கண்ணாடி என்று எது என்ன விலைக்கு வந்தது, என்ன விலைக்குப் போனது என்பதைப் பேரேட்டில் ஏற்றுவது என் பிழைப்பு. வயது 54. சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு மேல் நான் மின்மட்டர் விடுதலைப் படையில் ரிஃப்டர் ஓட்டுகிறேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னால் வீட்டிலும் கடையிலும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் சிசிபி என்றொரு நிறுவனம் இருக்கிறது. அது 2003 மே 6 அன்று வெளியிட்ட விளையாட்டு ‘ஈவ் ஆன்லைன்’. விண்வெளியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு. சீனாவுக்குத் தனியாக ஓர் உலகம் உண்டு. மற்ற நாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் லண்டனில் இருக்கும் ஒரே சர்வருக்குள்தான் இருக்கிறார்கள். போலந்துக்காரரும் பிரேசில்காரரும் காரைக்குடிக்காரனும் ஒரே வானத்தில். அந்த வானத்தில் ஐயாயிரத்துக்கு மேல் நட்சத்திர மண்டலங்கள். அங்கே பறக்கும் கப்பல்களை அநேகமாக விளையாடுபவர்களே கட்டுகிறார்கள். ஒருவர் பாறையைக் குடைந்து தாது எடுப்பார், இன்னொருவர் அதை உருக்கிக் கப்பலாக்குவார், மூன்றாமவர் ஜிட்டா என்ற பெரிய சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். கப்பல் வெடித்தால் போனதுதான். அதில் பூட்டியிருந்த துப்பாக்கி, எஞ்சின் எல்லாவற்றிலும் சுமாராகப் பாதி பொசுங்கிவிடும்; மீதியை ஜெயித்தவன் அள்ளிக்கொள்வான்.

என் அக்கா மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஒரு பொங்கலுக்கு வந்தவன் என் கம்ப்யூட்டரில் இதை ஏற்றிவிட்டுப் போனான். 2016 நவம்பரிலிருந்து காசு கட்டாமலும் இதை விளையாடலாம். “மாமா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வியாபாரம், கொள்முதல், விலைப்பட்டியல் எல்லாம் இருக்கு. சண்டைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க” என்றான். இரண்டு மாதம் தாது வெட்டினேன், வாங்கி விற்றேன். பகலில் செய்வதையே ராத்திரியும் செய்துகொண்டிருந்தேன். பிறகு நானே அவனிடம் கேட்டேன்: “மாப்பிள்ளை, சண்டைப் பக்கம் எப்படிப் போறது?”

அந்த வானத்தில் நான்கு பேரரசுகள். அமார் பேரரசு மின்மட்டர் மக்களைத் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக வைத்திருந்தது. அவர்கள் எழுந்து நின்று பிரிந்தார்கள். கல்தாரிகள் கலென்டே கூட்டாட்சியிலிருந்து உடைத்துக்கொண்டு போனார்கள். அமாரும் கல்தாரியும் ஒரு கூட்டு, மின்மட்டரும் கலென்டேயும் ஒரு கூட்டு. கதையாக மட்டும் இருந்த இந்தப் பகையை விளையாடுபவர்கள் கையில் எடுத்துக்கொள்ள வழிசெய்தது 2008 ஜூனில் வந்த விரிவாக்கம். நான்கு பக்கத்துக்கும் நான்கு படைகள். பட்டியலில் படையைத் தேர்ந்து பட்டனைத் தட்டினால் சேர்ந்தாயிற்று. முன்பு படைக்குரிய சங்கம் ஒன்றில் இருந்தால்தான் சேர முடிந்தது. இப்போது தனியாளாகவும் சேரலாம். 2023 கடைசியில் இரண்டு கொள்ளைக் கூட்டங்களும் வந்து எல்லைகளில் கலகம் செய்கின்றன. அதில் நான் போகவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் யார் எந்தப் பக்கம் என்பது பிறக்கும்போதே எழுதிவைத்தது. நகரத்தாருக்கு ஒன்பது கோயில்; ஒரே கோயில் என்றால் பெரும்பாலும் பங்காளி, பெண் கொடுக்க எடுக்க முடியாது. ஊரில் எல்லாச் சாதிக்கும் இதுபோல ஏதாவது ஒன்று உண்டு. 54 வயதில் முதல் தடவையாக ஒரு பக்கத்தை நானாகத் தேர்ந்தேன். அடிமைத்தளையை உடைத்தவர்கள் பக்கம். அவர்களுடைய ரிஃப்டர் கப்பலைப் பார்த்ததும் வேறு எதுவும் தோன்றவில்லை. துரு ஏறிய தகடுகளை ஒட்டுப்போட்டுக் கட்டியதுபோல் இருக்கும், என் கடைகளில் கிடக்கும் சாமான் மாதிரி. எதிரியான அமார்காரரின் கப்பல்கள் தங்கப் பூச்சோடு தேர்போல வரும்.

சண்டை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லையில் உள்ள ஒவ்வொரு மண்டலத்திலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு களங்கள் முளைக்கும். அவற்றை ‘பிளெக்ஸ்’ என்போம். களத்துக்குள் போய்க் கொடிக்கம்பம் மாதிரியான ஒரு மையத்தின் அருகில் காத்திருந்தால் நேரம் ஓடும்; சின்னக் களத்தில் பத்து நிமிடம், பெரியதில் இருபது. எதிரி ஒருவன் உள்ளே வந்துவிட்டால் நேரம் நின்றுவிடும். அவனை வெடிக்கவைக்கவோ விரட்டவோ வேண்டும். இப்படிக் களம் களமாகப் பிடித்து, அந்த மண்டலத்தில் எங்கள் கணக்கு நூறு சதவீதத்தைத் தொட்டதும் அதன் தலைமைக் கூடத்தைச் சுட்டு வீழ்த்தலாம். வீழ்ந்தால் மண்டலம் கைமாறும். முன்னணியில் உள்ள மண்டலம் கைமாறிப் போனால், நேற்றுவரை நாம் கப்பல் நிறுத்திய நிலையம் இன்று நம்மை உள்ளே விடாது.

களத்துக்குள் நுழைய ஒரே வாசல்தான். அந்த வாசல் கப்பலின் அளவையும் பார்க்கும். சின்னக் களத்துக்குள் ஃப்ரிகேட் என்ற சிறு கப்பல் மட்டுமே போகலாம். மலை மாதிரிக் கப்பல் வைத்திருப்பவனும் வெளியேதான் நிற்க வேண்டும். நேற்றுச் சேர்ந்தவனும் இருபது வருஷக்காரனும் ஒரே எடையில் மோதுவது இந்த வாசலால்தான். இதை என் தம்பிக்கு மஞ்சுவிரட்டை வைத்துத்தான் விளக்கினேன். சிராவயல் பொட்டலில் கட்டுமாடு அவிழ்த்துவிட்டால் எந்தப் பக்கமிருந்து எது வரும் என்று சொல்ல முடியாது. வெளியில் திரியும்போது எங்கள் நிலை அதுதான். அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு வரும் இடம் தெரியும். எந்த மாடு, எப்படித் திரும்பும் என்பதுதான் தெரியாது. களத்துக்குள் காத்திருப்பவன் நிலை அது.

கையில் ஒரு ஸ்கேனர் உண்டு. சுமார் 214 கோடி கிலோமீட்டர் தூரத்துக்குள் என்னென்ன கப்பல் இருக்கிறது என்று பெயரைச் சொல்லும். இரண்டு மூன்று விநாடிக்கொரு தடவை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பெயர் மட்டும் தெரியும். கோணத்தைக் குறுக்கிப் பார்த்தால் அவன் நம் வாசலில்தான் நிற்கிறான் என்று தெரியும். அந்தப் பத்துப் பதினைந்து விநாடிகளில் இருப்பதா, ஓடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

என் முதல் சண்டை கூர்மோனன் என்ற மண்டலத்தில். ஸ்கேனரில் ‘பனிஷர்’ என்று வந்தது. கனத்த கவசம் உள்ள அமார் கப்பல், லேசர் அடிக்கும். நான் ஓடவில்லை. உள்ளே வந்தான். ஒன்பது கிலோமீட்டருக்குள் பிடித்தால் எதிரியைத் தாவி ஓடவிடாமல் கட்டிப்போடும் கருவி ஒன்று உண்டு, ‘ஸ்கிராம்’ என்போம். நான் அவன்மேல் போட்டேன், அவனும் என்மேல் போட்டான். இனி இரண்டில் ஒரு கப்பல் மிச்சம். அவனை ஒட்டிச் சுற்றிக்கொண்டே சுட்டேன். அவன் கவசம் பாதிக்கு வந்தபோது என்னுடையது தீர்ந்துவிட்டது. வெடித்ததும் நம் ஆள் ஒரு சிறு முட்டை ஓட்டுக்குள் மிதப்பான். அதையாவது தப்பவைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தபோது இரண்டு கையும் நடுங்கின. எத்தனை வருஷம் ஆடியவருக்கும் இந்த நடுக்கம் வரும் என்று படையில் சொல்கிறார்கள். எனக்கு இன்றும் வருகிறது.

அந்த மண்டலத்தின் பொது அரட்டையில் அவன் இரண்டே எழுத்து எழுதியிருந்தான்: ‘ஜிஎஃப்’. நல்ல சண்டை என்பதன் சுருக்கம். நானும் அதையே திருப்பி எழுதினேன். பிறகு தனியாக ஒரு செய்தி அனுப்பினான். நான் எந்தக் குண்டு போட்டிருந்தேன், எதை மாற்றியிருந்தால் அவன் கவசம் உடைந்திருக்கும் என்று நாலு வரி. எதிரிப் படைக்காரன்.

அன்றைக்கு எனக்கு எங்கள் சீமைக் கதைதான் நினைவுக்கு வந்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. வெல்ஷே 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801இல் மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். அந்த அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நிஜப் போரில் இழந்ததைத் திரும்பக் கட்ட முடியாது. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் பக்கம் வேறு, மனுஷன் வேறு என்பதை நான் உடம்பால் உணர்ந்தது அந்த நாலு வரி வந்த ராத்திரியில்தான்.

படையில் எல்லாருமே இப்படி என்று சொல்ல மாட்டேன். களத்தில் நின்றால் விசுவாசப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொடுத்துச் சிறப்புக் கப்பல்களை வாங்கிச் சந்தையில் விற்கலாம். இதற்காகவே சேர்ந்து, ஸ்கேனரில் ஒரு பெயர் தெரிந்தாலே பறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். விதிப்படி அதில் தப்பில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. பெயர்ப் பட்டியலில் எங்களோடு இருக்கிறார்கள். ஹுவோலா என்ற மண்டலத்தைக் காக்கக் கூப்பிட்ட ராத்திரி அவர்களில் ஒருவரும் வரவில்லை.

அந்த ராத்திரி எங்கள் அணியில் பதினான்கு பேர். எல்லாரும் வரிசைக்கு வந்ததும் அணித்தலைவர், ஆஸ்திரேலியக் குரல், “பிரேக் காம்ஸ்” என்றார். அவர் பேசும்போது யாரும் பேசக்கூடாது என்பது அதன் பொருள். எதிரில் எங்களைவிட இரண்டு மடங்கு. தலைவர் என் பெயரைச் சொல்லி, முதலில் போய் அவர்களுடைய கப்பல் ஒன்றை ஸ்கிராம் போட்டுப் பிடிக்கச் சொன்னார். முதலில் போகிறவன் திரும்பமாட்டான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனேன். பன்னிரண்டு விநாடி தாங்கினேன். அந்தப் பன்னிரண்டு விநாடியில் மற்ற பதின்மூன்று பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். மண்டலம் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் அதற்கு அடுத்த வாரம் நான் உள்ளே நுழைந்ததும் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பட்டனைத் தட்டி ஏழு மாதம் கழித்து அன்றைக்குத்தான் நான் அந்தப் படையில் சேர்ந்தேன் என்று என் மனக்கணக்கு சொல்கிறது.

கணக்கு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டின் பெரிய யுத்தங்கள் எங்கள் எல்லைச் சண்டையில் நடந்தவை அல்ல. விளையாடுபவர்களே கட்டிய கூட்டணிகளுக்கு இடையில் நடந்தவை. 2014 ஜனவரி 27இல் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் தொடங்கிய சண்டை 21 மணி நேரம் நடந்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். டைட்டன் எனப்படும் மிகப்பெரிய கப்பல்கள் 75 வெடித்தன. நிஜப் பணத்தில் இழப்பு மூன்று லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதன் உடைசல்கள் நினைவுச்சின்னமாக இன்றும் அங்கேயே மிதக்கின்றன. அத்தனைக்கும் ஆரம்பம், அந்த மண்டலத்துக்கான பராமரிப்புக் கட்டணம் ஒன்று நேரத்துக்குக் கட்டப்படாமல் விட்டுப்போனது. முப்பது வருஷமாகத் தவணைத் தேதிகளோடு வாழ்பவன் நான். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கு என் கணக்குப் பழக்கத்திலிருந்து ஒரே ஒரு விஷயம் கொடுக்க முடியும். பிள்ளையார் சுழி போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ரிஃப்டரைப் பத்துப் பத்தாக வாங்குவேன். வாங்கிய அன்றே பத்தையும் செலவுப் பத்தியில் எழுதிவிடுவேன், இருப்பில் காட்டமாட்டேன். கப்பல் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போதே அது இல்லாத கப்பல். கடையில் வராக்கடனைத் தள்ளுபடி செய்ய முதலாளிகள் வருஷக்கணக்கில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் களத்தில் அரை விநாடி வந்தாலும் கை பின்வாங்கிவிடும். அதே நோட்டின் முதல் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: சம்பளப் பணம் ஒரு ரூபாய்கூட உள்ளே போகக்கூடாது. இந்த விளையாட்டில் நிஜக் காசு கொடுத்து விளையாட்டுக் காசு வாங்க வழி இருக்கிறது. சின்னப் பையன்கள் அதில் வழுக்குவதைப் பார்த்து மனசு பதறுகிறது. சனிக்கிழமை மட்டும் என்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாக்காரர்கள் வேலை முடிந்து சாப்பிட்டு உட்காரும்போது நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். தினமும் விழித்தால் திங்கட்கிழமைப் பேரேட்டில் அது தெரியும்.

தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பராமரிப்புக்காகச் சர்வரைச் சிறிது நேரம் நிறுத்துவார்கள். உலகம் முழுவதும் வெளியே வந்துவிட வேண்டும். கடையில் டீ வரும் நேரமும் அதுதான். போன வாரம் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு செய்தி. முந்தின ராத்திரி படையில் சேர்ந்த பையன், மதுரைக்காரன். முதல் சண்டையிலேயே கப்பல் போய்விட்டது, கையில் காசில்லை, கை இன்னும் நடுங்குகிறது என்று எழுதியிருந்தான். சர்வர் திரும்ப வந்ததும் என் கிடங்கிலிருந்து மூன்று ரிஃப்டரை அவன் பேருக்கு மாற்றி விடச் சொல்லி அக்கா மகனுக்குத் தகவல் கொடுத்தேன்.

“அண்ணே, இதை எப்பத் திருப்பித் தரணும்?” என்று ராத்திரி அந்தப் பையன் கேட்டான்.

“தர வேண்டாம்ப்பா. அது மூணும் போன மாசமே செலவில் ஏறியாச்சு. சனிக்கிழமை பதினொன்றரைக்கு வந்திரு.”