கீழ்நாட்டு ஆட்டமும் மேல்நாட்டு ஆட்டமும்

2022ஆம் வருஷம் ஜூலை மாதம் 28ந் தேதி முதல் ஆகஸ்டு 10ந் தேதி வரையில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தேறியது நமது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 180க்கு மேற்பட்ட தேசங்களின் ஆட்டக்காரர்கள் நமது கடற்கரையோரம் வந்து கூடினார்கள். சதுரங்கம் நமது தேசத்தில் பிறந்தது என்பதே சரித்திர ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிபு. ஆகவே, பாட்டன் வீட்டைத் தேடிப் பேரன்மார் வந்தது போன்றதொரு காட்சியாக அது விளங்கிற்று.

பாட்டன் வீட்டை விட்டுப் போன அவ்வாட்டம் இரு திசைகளில் சென்றது. மேற்கே பாரசீகர் கைக்கும், அராபியர் கைக்கும், பின்னர் ஐரோப்பியர் கைக்கும் போயிற்று. அங்கே, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், அடிமேல் அடி வைத்து நடந்த மந்திரி ராணியாக மாறிப் பலகை முழுவதும் பாயும் வலிமை பெற்றார். கிழக்கே அது ஜப்பானை அடைந்து 'ஷோகி' என்று பெயர் பெற்றது. அவ்வாட்டத்தில் பிடிபட்ட காய் இறப்பதில்லை. பிடித்தவன் படையில் சேர்ந்து மறுபடியும் களத்தில் இறங்குகிறது. தேரும் யானையும் குதிரையும் காலாளும் கொண்ட ஒரே ஆட்டத்தை வாங்கிய இரு சாராரும், காய்களின் பெயரை மட்டும் மாற்றி நின்றுவிடவில்லை. தத்தம் மனப்போக்குக்கு இசைய விதியையே மாற்றினார்கள். கடன் வாங்கியது சொந்தமானது அவ்வாறுதான்.

இப் பழங்கதையை இப்பொழுது ஏன் எடுத்தோமெனில், அதே கதை நம் கண் முன்னே மறுபடியும் நடந்திருக்கிறது. சென்னையிலும் செங்கற்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் உள்ள நமது வாலிபர்கள் இரவில் கண் விழித்து ஆடும் வீடியோ விளையாட்டுக்களில் 'திறந்த உலகம்' என்றொரு வகை உண்டு. மலை, காடு, ஆறு, ஊர், சந்தை அனைத்தும் அமைந்த ஓர் உலகம் திரையிலே படைக்கப்பட்டிருக்கிறது. ஆடுகிறவர் அதில் ஒரு பாத்திரமாகப் புகுந்து, போர் புரிந்தும், பேசிப் பழகியும், பொருள் தேடியும், நாளடைவில் வலிமை பெற்றும், தாம் விரும்பிய திசையில் செல்லலாம்.

இவையெல்லாம் பொழுதை வீணாக்கும் காரியம் என்று முகஞ் சுளிக்கும் பெரியோர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் அமுதமும் நஞ்சு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் சூதாட்டங்களோடு இவற்றை ஒன்றாக எண்ணுதல் தகாது. 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டமும், பணப் பந்தயங்களைத் தடுக்கவும் ஏனைய மின் விளையாட்டுக்களை ஊக்கவும் கருதி, இரண்டையும் பிரித்தே பேசுகிறது. நாவலையும் நாடகத்தையும் ஆராய்வது போலவே இவற்றையும் ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவற்றின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1974இல் அங்கே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. நண்பர்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகி, "நான் இன்னது செய்கிறேன்" என்று கூறி ஆடுவது அது. அதைப் பின்பற்றி 1981இல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கள் தோன்றின. இவ்விரண்டையும் ஆடி மகிழ்ந்த யூஜி ஹோரி என்னும் ஜப்பானியர், அவற்றின் சிக்கலைக் குறைத்துச் சிறுவரும் ஆடத்தக்க கதையாக்கி, 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டை அளித்தார். ஒரு வேரிலிருந்து இரண்டு மரங்கள் இவ்வாறு கிளைத்தன.

மேல்நாட்டு முறையின் சிறப்பு யாது? மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்களின் "நான் இன்னது செய்கிறேன்" என்னும் சொல்லே அதன் உயிர். அமெரிக்காவின் பெதஸ்தா கம்பெனியார் 2011இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டில், பாத்திரத்தின் முகமும் குலமும் முதற்கொண்டு ஆடுகிறவர் தீர்மானிக்கிறார். மந்திரவாதிகளுடன் சேரலாம்; திருடர் கூட்டத்தில் புகலாம்; உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கமும் நிற்கலாம். போலந்து தேசத்தார் தங்கள் எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதைகளை ஆதாரமாகக் கொண்டு 2015இல் இயற்றிய 'விட்சர் 3' விளையாட்டில் கதாநாயகன் முன்பே தீர்மானிக்கப்பட்டவன். எனினும் அவன் செய்கை ஆடுகிறவர் கையில் இருக்கிறது. நன்மையென்று எண்ணிச் செய்த ஒரு காரியம் பின்னர் ஒரு கிராமத்தின் அழிவாக வந்து நிற்கக்கூடும். தேர்ந்தெடுத்தலும் அதன் பயனை அநுபவித்தலுமே மேல்நாட்டு முறையின் சாரம்.

ஜப்பானிய முறை வேறு. 'ஸெல்டா' வரிசையைத் தொடங்கிய ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோ மாகாணத்தில் சோனோபே என்னும் ஊரில் சிறுவனாகக் காடும் குகையும் சுற்றித் திரிந்தவர். அந்த வியப்பைத்தான் 1986இல் முதல் 'ஸெல்டா' விளையாட்டில் வைத்தார். அவ்வரிசையில் 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில் கதாநாயகன் வாய் திறப்பதேயில்லை, பேசுவது நிலம். எந்தக் குன்றின் மீதும் ஏறலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி முழங்குகையில் உலோக வாளை ஏந்தி நின்றால் மின்னல் தாக்கும். காய்ந்த புல்லில் தீ பரவும். அதன் நிலத்தோற்றம் முக்கோணங்களால் ஆயதென்று செய்தவர்களே விளக்கியிருக்கிறார்கள். ஒரு குன்று தன் பின்னுள்ளதை மறைக்கிறது. ஏறிக் கடப்பதா, சுற்றிச் செல்வதா என்ற கேள்வியை அது எழுப்புகிறது. கடந்தவுடன் புதியதொன்று கண்ணில் படுகிறது. அம்புக் குறி காட்டி ஆளை இழுக்காமல், ஆவலைக் கிளப்பி அழைத்துச் செல்லும் வித்தை இது.

மேல்நாட்டாரிடமும் இவ்வித்தை ஒரு காலத்தில் இருந்தது. 2002இல் வெளிவந்த 'மார்ரோவிண்ட்' விளையாட்டில் ஊராரிடம் வழி கேட்டே செல்ல வேண்டும். 2006இல் வந்த 'ஆப்லிவியன்' முதற்கொண்டு, செல்லுமிடத்தைத் திசைகாட்டியிலே குறி காட்டத் தொடங்கினார்கள். சௌகரியம் வந்தது, தேடும் இன்பம் குறைந்தது என்பது நமது அபிப்பிராயம். ஜப்பானியரிடமும் குறையுண்டு. நிலத்தை அவ்வளவு உயிருள்ளதாகச் செய்தவர்கள், அதில் வாழும் மனிதரோடு வழக்காடவும் உடன்படவும் எதிர்க்கவும் போதிய இடம் வைக்கவில்லை. ஒருவர் நிலத்தைப் பேச வைத்தார். மற்றொருவர் மனிதரைப் பேச வைத்தார்.

இரண்டும் ஒன்றையொன்று தீண்டாமலும் இல்லை. 2022இல் வெளிவந்த 'எல்டன் ரிங்' விளையாட்டைச் செய்த ஹிதேதாகா மியாசாகி, ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் புரியாத பகுதிகளைத் தம் கற்பனையால் நிரப்பிப் படித்து வளர்ந்தவர். அவ்விளையாட்டின் புராணத்தை அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். மறுபுறம், 1274இல் மங்கோலியர் ஜப்பானியத் தீவொன்றின்மேல் படையெடுத்ததை வைத்து 2020இல் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' விளையாட்டைச் செய்தவர்கள் அமெரிக்கர்கள். அதில் வழி காட்டுவது அம்புக் குறியன்று, காற்று. சுஷிமா நகரத்தார் அதன் கர்த்தாக்கள் இருவரைத் தம் ஊரின் சுற்றுலாத் தூதராக நியமித்து மகிழ்ந்தார்கள்.

நிற்க. நமது நிலை என்ன? 2022இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஓர் அத்தியாயமாக வந்தது. 2025இல் 'சிவிலிசேஷன் 7' விளையாட்டில் சோழர் ஒரு நாகரிகமாக இடம் பெற்றனர். இவற்றைக் கண்டு பெருமை கொள்கிறோம். ஆனால் இரண்டையும் செய்தவர் அயல்நாட்டார்; வாங்கி ஆடுகிறவர் நாம். பருத்தி நம்முடையதாயிருக்க, துணி மான்செஸ்டருடையதாயிருந்த பழைய வியாபாரத்துக்கும் இதற்கும் பேதம் யாது? புனா நகரத்து இளைஞர்கள் 2020இல் 'ராஜி' என்றொரு விளையாட்டைச் செய்து, நம்மவராலும் ஆகுமென்று காட்டினார்கள். அது திறந்த உலகமன்று. எனினும் முதற்படி எவ்வளவு சிறியதாயினும் படியே.

சீனரைப் பாருங்கள். 2024இல் அவர்கள் வெளியிட்ட 'பிளாக் மித்: வூகோங்' விளையாட்டில் ஷான்சி மாகாணத்துப் பழங்கோயில்களும் சிலைகளும் இடம் பெற்றன, ஆடியவர்கள் அக்கோயில்களை நேரில் காணப் புறப்பட்டார்கள். அதற்கு மூலமான பழங்கதையோ யுவான் சுவாங் என்னும் யாத்திரிகரின் பாரத யாத்திரையிலிருந்து முளைத்தது. அந்த யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் நமது காஞ்சிக்கு வந்தவர். அவர் வந்த நாடு நாம்; அவர் கதையை உலகுக்கு ஆட்டமாகத் தந்தவர் சீனர்.

நமது இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். அயல்நாட்டு விளையாட்டு ஒன்றை எடுத்து, அதன் வீரனுக்கு வேஷ்டி உடுத்திப் பல்லவன் என்று பெயரிட்டால் அது நமதாகிவிடாது. சதுரங்கத்தைப் பெற்றவர்கள் மாற்றியது வேஷத்தையல்ல, விதியை. நமக்குரிய விதியை எங்கே தேடுவது? வெகுதூரம் போக வேண்டாம்.

மாமல்லபுரத்துக் குன்றைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு பாறை மறைக்கிறது. திரும்பினால் ஒரு குகை மண்டபம். அப்பால் முற்றுப் பெறாத ஒரு கோயில். ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள பெரும் பாறைச் சிற்பம் அர்ஜுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதன் கீழே ஒரு பூனை எலிகளின் முன்னே தவக்கோலம் பூண்டு நிற்கிறது. ஜப்பானியர் கணக்கிட்டுச் செய்ததை நமது சிற்பிகள் 1300 வருஷங்களுக்கு முன்பே கல்லில் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

மேற்கே செங்கற்பட்டுச் சீமைக்கு வாருங்கள். அது ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும். மேலூரார் மதகை அடைத்தால் கீழூரார் பயிர் காயும். நெருப்பும் மின்னலும் விதியாக இயங்கும் உலகத்தை ஜப்பானியர் செய்தார்களென்றால், நீர் விதியாக இயங்கும் உலகத்தை நாம் செய்யலாகாதா? அருகிலுள்ள உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய சாசனங்கள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் எடுத்த முறையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவினருக்கும் மறுபடியும் இடமில்லை என்பது அதில் ஒரு விதி. தேர்ந்தெடுத்தலும் அதன் பயனை அநுபவித்தலும் என்று மேல்நாட்டார் போற்றும் தத்துவம் இதுவன்றி வேறென்ன? ஏரிப் பணத்தைத் தின்ற வீரன் தன் தம்பிக்கும் சபையில் இடமின்றிச் செய்யும் ஆட்டத்தை எந்த நாட்டாரும் இன்னும் ஆடியதில்லை.

கைகளுக்கும் குறைவில்லை. சிறுசேரியிலும் மகிந்திரா சிட்டியிலும் நமது வாலிபர்கள் அயல்நாட்டுக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறார்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் உளி பிடித்த மாணவர்கள் இருக்கிறார்கள். சாசனம் படிக்கத் தெரிந்த புலவர்களும் இருக்கிறார்கள். சில மைல்களுக்குள் வசிக்கும் இம்மூவரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை, அதுவே குறை. சர்வகலாசாலைகள் இவர்களை ஒரு மேஜையில் உட்கார வைக்கட்டும். சர்க்கார் சிறு தொகை கொடுத்தாவது முதல் முயற்சிகளைத் தாங்கட்டும். தனவந்தர்கள் சினிமாவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் இதற்குத் துணிந்து கொடுக்கட்டும்.

சுஷிமாவின் குன்றுகளையும் ஸ்கைரிமின் பனிமலைகளையும் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லும் நமது சிறுவன், சாளுவன்குப்பத்துப் புலிக்குகைக்கு வழி தெரியாமல் நிற்கிறான். அது அவன் குற்றமன்று. அவனுக்கு அவ்வழியைக் காட்டும் ஆட்டத்தை நாம் செய்து கொடுக்கவில்லை. சதுரங்கத்தை உலகுக்கு ஈந்த தேசம் பிறர் ஆட்டத்தை வாங்கி ஆடுவதோடு திருப்தியடைவது அழகல்ல. மேல்நாட்டாரிடமும் கீழ்நாட்டாரிடமும் கற்போம். கற்றதை நம் மண்ணில் நட்டு, நம் ஏரி நீர் பாய்ச்சி வளர்ப்போம்.