இத்தாலியில் ரயிலேறுமுன்

ரோம், ஃபிளாரன்ஸ், பீசா, வெனிஸ் நான்கையும் ஒரே விடுமுறையில் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ரயிலே போதும். பழைய நகரப் பகுதிகள் பலவற்றில் அனுமதியின்றிக் கார் நுழைந்தால் அபராதம். நிலையங்களோ பெரும்பாலும் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன.

ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அதற்கென்றே போட்ட தனிப்பாதை 1992-இல் முழுமை பெற்றது. இருக்கை எண்ணுடன் முன்பதிவு உண்டு, சிக்கல் இல்லை.

ஃபிளாரன்ஸிலிருந்து பீசா செல்லும் பாசஞ்சர் வண்டியில்தான் கவனம் தேவை. காகித டிக்கெட்டை நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி, தேதியும் நேரமும் அச்சிட்ட பிறகே ஏறவேண்டும். அந்த டிக்கெட் குறிப்பிட்ட இருக்கைக்கு உரியதல்ல. முத்திரை இல்லாவிட்டால் அதையே மறுபடியும் பயன்படுத்தலாம் அல்லவா? ஆகவே பணம் கொடுத்து வாங்கியவருக்கும் அபராதம் உண்டு.

பீசாவின் சாய்ந்த கோபுரத்தை 1990-இல் மூடினார்கள். சாய்வுக்கு எதிர்ப்புறமான வடக்கே, அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்து, உச்சியைச் சுமார் 45 செ.மீ. நிமிர்த்தி, 2001-இல் மீண்டும் திறந்தார்கள். தள்ளவும் இல்லை, இழுத்து நிமிர்த்தவும் இல்லை! அருமையான வேலை.

வெனிஸ் பயணிகள் ஏமாறுவது பெயர்ப்பலகையில். 'வெனேத்சியா' என்று கண்டதும் பெட்டியை இறக்கிவிடாதீர்கள். மெஸ்த்ரே நிலையம் கரையில் இருக்கிறது. 1846-இல் திறந்த நீண்ட கடற்பாலத்தைத் தாண்டி வரும் சாந்தா லூச்சியாதான் தீவு நிலையம். சில வண்டிகள் மெஸ்த்ரே வரைதான். டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள். வெளியே வந்தால் எதிரே கால்வாய். பாலங்களில் படிகள் அதிகம். ஆளுக்கொரு சிறு பெட்டி போதும்.