கடல் தாண்டிய கடிதங்களும் ஆச்சிமாரும்

கொத்தமங்கலம் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் வரலாற்றைத் தேடும்போது அவ்வூரார் பர்மா, மலாயா, இலங்கையில் நடத்திய வட்டிக்கடைகளின் கணக்கேடுகளைத்தான் முதலில் புரட்டுகிறோம். வீட்டுக் கடிதங்களுக்கும் அதே மதிப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைக்குப் போன ஆண்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணை முடிந்தே ஊர் திரும்பினார்கள். மனைவிமார், அதாவது ஆச்சிமார், பெரும்பாலும் ஊரில் தங்கினார்கள். மணமான மகனை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பாக ‘வேறு வைக்கும்’ வழக்கம் இருந்ததால், அரிசி, பருப்பு, மொய், திருமணச் செலவு எல்லாவற்றுக்கும் அந்தந்த ஆச்சியே பொறுப்பு. அவருடைய சீதனப் பணமும் கடையில் வட்டியோடு வளர்ந்தது. ஆகவே கடிதத்தை வெறும் நலவிசாரிப்பாகக் கருத முடியாது. குடும்ப நிர்வாகமே அதன் வழியாகத்தான் நடந்தது.

அன்று எத்தனை பெண்களுக்கு எழுதத் தெரியும் என்று கேட்கலாம். 1911 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே எழுத்தறிந்தவர். எழுதத் தெரியாத ஆச்சி பிறரிடம் சொல்லி எழுதச் செய்தபோது அந்தரங்கம் குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் காய்ச்சலா, வரவேண்டிய பணமா, எதை முதலில் சொல்வது என்று தீர்மானித்தவர் அவர்தானே! கணவரின் பதிலிலும் ஆச்சி கேட்ட கேள்வி தெரியும். இத்தகைய ஆவணங்களைக் காப்பதற்கு முன்மாதிரியும் உண்டு: கோட்டையூர் நூல் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா பழைய நூல்களோடு அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். பூட்டிய வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கும் கடிதக் கட்டுகளுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும்; பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன் ஒரு நூலகத்தைக் கேளுங்கள்.