விழுந்தால் என்ன? எழுந்தால் போதும்!

1946-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் நியூட்டன் என்று ஓர் ஊர். அந்த ஊர்ச் சிறுமி ஒருத்தி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவளுக்கு வயது 11.

காலை அசைக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முதுகை வளைக்க முடியவில்லை.

அவளுக்கு வந்திருந்த நோய், இளம்பிள்ளை வாதம்.

அப்போது அந்த நோய்க்குத் தடுப்பு ஊசி கிடையாது. அது 1955-ல்தான் வந்தது. நோய் கண்ட குழந்தைகள் பலர், கால் முடங்கிப் போனார்கள்.

இந்தச் சிறுமி பிழைத்தாள். எழுந்தாள். நடந்தாள்.

அதோடு நிற்கவில்லை. பத்து ஆண்டு முடிவதற்குள் ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினாள்!

எந்த விளையாட்டில் தெரியுமா? பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டே ஆடும் நடனத்தில்!

அவள் பெயர் டென்லி ஆல்பிரைட்.

கத்தி மேல் நடனம்

"கத்தி மேல் நடப்பது போல" என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். இந்த ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே கத்தி மேல் நடக்கிறார்கள்.

கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் தோல் காலணி. அதன் அடியில் இரும்புக் கத்தி. அதன் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். கத்தியின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அதனால் கத்திக்கு இரண்டு விளிம்பு. ஒன்று உள்பக்க விளிம்பு. மற்றொன்று வெளிப்பக்க விளிம்பு. முன்நுனியில் ரம்பம் போல் பற்கள் உண்டு.

ஆட்டக்காரர் உடம்பைச் சற்றுச் சாய்த்து, ஏதாவது ஒரு விளிம்பின் மேல் சறுக்குகிறார். அப்போது பனிக்கட்டியின் மேல் வளைவாக ஒரு கோடு விழுகிறது.

அந்தக் காலத்தில், 8 என்ற எண்ணைப் போல வட்ட வட்டமாகக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே பிசகாமல் மறுபடியும் போக வேண்டும். மொத்த மார்க்கில் பாதிக்கு மேல் இதற்குத்தான்! 1990-ம் ஆண்டோடு உலகப் போட்டிகளில் இதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தாவலும், சுழலும், நடனமும்தான் முக்கியம்.

அப்பாவே வைத்தியர்

டென்லியின் தந்தை ஒரு டாக்டர். ரண சிகிச்சை நிபுணர். நோய் குணமானதும், உடம்பில் பலம் ஏற வேண்டும் என்பதற்காக டென்லி மறுபடியும் பனிக்கட்டி மேல் இறங்கினாள். சில மாதங்களிலேயே சிறுவர் போட்டி ஒன்றில் பரிசு வாங்கினாள்.

அதன் பிறகு எல்லாம் ஏறுமுகமா? இல்லை!

1952-ல் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம். 1953-ல் உலகப் பட்டம். அந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். 1954-ல் பட்டம் பறிபோயிற்று. 1955-ல் மறுபடியும் வந்தது.

1956-ல் இத்தாலி நாட்டில் கோர்ட்டினா என்ற ஊரில் ஒலிம்பிக் போட்டி. போட்டிக்கு இரண்டு வாரம் கூட இல்லை. பயிற்சி செய்யும்போது பனிக்கட்டியில் இருந்த ஒரு பள்ளத்தில் கத்தி மாட்டியது. டென்லி விழுந்தார். இடது காலின் கத்தி, வலது காலணியைக் கிழித்தது. கணுக்காலில் ரத்தக் குழாயை அறுத்து, எலும்பு வரை போயிற்று!

தந்தை பாஸ்டனில் இருந்து விமானத்தில் பறந்து வந்தார். மகளின் காலுக்கு வைத்தியம் செய்தார்.

அந்தக் காலோடு ஆடினார், டென்லி. தங்கப் பதக்கத்தையும் வாங்கினார்.

பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்து, தந்தையைப் போலவே ரண சிகிச்சை டாக்டர் ஆனார்.

முதல் பாடம், விழுவது!

இந்த ஆட்டத்தில் விழாமல் கற்றுக்கொண்டவர் ஒருவர் கூட இல்லை. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு, சறுக்குவதற்கு முன்பே விழுவதற்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால், முழங்காலை மடக்க வேண்டும். பக்கவாட்டில், தொடையும் இடுப்பும் தரையில் படும்படி சரிய வேண்டும். கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு முறிந்துவிடும். விழுந்த பிறகு விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவரின் கத்தி விரலில் ஏறிவிடும்.

பிறகு முழங்காலில் நின்று, ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலையும் ஊன்றி எழுந்திருக்க வேண்டும்.

"விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை" என்று இங்கே யாரும் சொல்வது இல்லை. சட்டை முழுவதும் பனித்தூள் ஒட்டியிருக்கும். அதற்காக யாரும் வெட்கப்படுவதும் இல்லை.

மிரட்டும் தாவல்

தாவல்களில் முக்கியமானவை ஆறு. அவற்றில் கடினமானது, ஆக்செல். நார்வே நாட்டைச் சேர்ந்த ஆக்செல் பால்சன் என்பவர், 1882-ல் வியன்னா நகரில் இதைச் செய்து காட்டினார். அதனால் அவர் பெயரே வந்துவிட்டது.

மற்ற ஐந்து தாவல்களிலும், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு எழும்புவார்கள். ஆக்செலில் மட்டும், முன்பக்கம் பார்த்து எழும்ப வேண்டும். இறங்குவது எப்போதும் பின்பக்கமாகத்தான். அதனால் அரைச் சுற்று அதிகம். ஒற்றை ஆக்செல் என்றால் ஒன்றரைச் சுற்று. மும்மடங்கு ஆக்செல் என்றால் மூன்றரைச் சுற்று!

காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடி கூட இல்லை. அதற்குள் இத்தனையும் சுற்றி, ஒற்றைக் காலில், கத்தியின் வெளி விளிம்பில் இறங்க வேண்டும்.

மற்ற ஐந்தையும் கற்றுக்கொண்ட சிறுவர் சிறுமியர், ஒற்றை ஆக்செலில் வந்து நின்றுவிடுவது உண்டு. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கூட ஆகும். தினமும் முயற்சி செய்வார்கள். தினமும் விழுவார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாது.

அடிபட்டு விழுவதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தத் தேக்கத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். "எனக்கு இது வராது" என்று பலர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

தந்தி சொன்ன ரகசியம்

இந்தத் தேக்கத்தை முதலில் ஆராய்ந்தவர்கள் விளையாட்டு ஆசிரியர்கள் அல்ல. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர். 1897-லும் 1899-லும் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள்.

அவர்கள் ஆராய்ந்தது, தந்தி அடிக்கப் பழகுகிறவர்களை!

"கட்டுக் கடகட" என்று வரும் ஒலியைக் கேட்டு, என்ன செய்தி என்று எழுத வேண்டும். பழகுகிறவர்கள் முதலில் வேகமாக முன்னேறினார்கள். பிறகு பல வாரங்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு திடீர் என்று மறுபடியும் வேகம் ஏறியது.

காரணம் என்ன? முதலில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டார்கள். அது பழகிப்போன பிறகு, முழுச் சொல்லாகக் கேட்கத் தொடங்கினார்கள். வெளியே பார்த்தால் தேக்கம். உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது!

எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். "ப-ட-ம்" என்று கூட்டிக்கொண்டிருந்த கண், ஒரு நாள் "படம்" என்று ஒரே பார்வையில் படித்துவிடும். எந்த நாளில் அது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. தேக்கம் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பது இல்லை. "அது கட்டாயம் அல்ல" என்று 1958-ல் கெல்லர் என்ற அறிஞர் எடுத்துச் சொன்னார். கற்பிக்கும் முறையை மாற்றினால், தேக்கத்தைக் குறைக்கலாம் என்பதும் உண்மை.

பூட்டைத் திறக்கும் சாவிகள்

தேங்கி நிற்கும் மாணவனுக்கு நல்ல ஆசிரியர் என்ன செய்கிறார்?

முதலில், பின்னுக்கு அழைத்துப் போகிறார். ஆக்செல் என்பது இரண்டு சிறிய வித்தைகள் சேர்ந்தது. ஒன்று, அரைச் சுற்றுத் தாவல். மற்றொன்று, ஒற்றைக் காலில் பின்பக்கச் சுழல். அந்த இரண்டையும் தனித்தனியாகத் திருத்துவார். அஸ்திவாரம் சரியானால் மாடி தானே நிற்கும்.

இரண்டாவது, சாதாரணக் காலணியோடு, தரையில் தாவச் சொல்வார். தரையில் வராத சுற்று, பனிக்கட்டியில் வராது.

மூன்றாவது, இடுப்பில் பட்டை கட்டி, கயிற்றால் பிடித்துக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்ற பயம் போனால், உடம்பு சுற்றக் கற்றுக்கொள்ளும்.

நான்காவது, செல்போனில் படம் எடுத்துக் காட்டுவார். கை விரிந்ததா, தலை சாய்ந்ததா என்று மாணவன் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஐந்தாவது, காரணத்தை வேறு இடத்திலும் தேடுவார். காலணி தொளதொளத்துவிட்டதா? கத்தி மழுங்கிவிட்டதா? பையன் நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டானா? 12, 13 வயதில் உடம்பு வளரும்போது, நேற்று வந்த தாவல் இன்று வராமல் போவது சகஜம். அது சோம்பேறித்தனம் அல்ல. புதிய உடம்புக்குப் பழைய வித்தையை மறுபடியும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வெளியே பறந்தவர் உள்ளே வந்தார்

ஜப்பானில் நகோயா நகரைச் சேர்ந்தவர், மிடோரி இட்டோ. உயரத்தில் சிறியவர். தாவலில் பெரியவர். பெண்களில் முதன்முதலாக 1988-ல் போட்டியில் மும்மடங்கு ஆக்செல் தாவியவர் இவர்தான். 1989-ல் உலகப் பட்டமும் வென்றார்.

1991-ல் ஜெர்மனியில் மியூனிச் நகரில் உலகப் போட்டி. தாவிய வேகத்தில், காமிராவுக்காகத் தடுப்புச் சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாக, களத்துக்கு வெளியே போய் விழுந்தார்!

கூட்டம் திகைத்தது. அவரோ, அடுத்த வினாடியே உள்ளே குதித்து, விட்ட இடத்தில் இருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். அந்த வருடம் அவருக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது.

1992-ல் பிரான்சில் ஒலிம்பிக் போட்டி. மும்மடங்கு ஆக்செல் தாவினார். விழுந்தார்!

வேறு யாராக இருந்தாலும், மிச்ச ஆட்டத்தை ஜாக்கிரதையாக ஆடி முடித்திருப்பார்கள். மிடோரி அப்படிச் செய்யவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரம். கால் களைத்திருக்கும் நேரம். அப்போது அதே தாவலை மறுபடியும் தாவினார். இந்தத் தடவை, நேராக இறங்கினார்!

ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் பெண் என்ற பெயரும், வெள்ளிப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன.

2011-ல், 41 வயதில், பெரியவர்களுக்கான போட்டியிலும் ஆடினார்.

பதினேழில் இருந்து முதல் இடம்

நேதன் சென், அமெரிக்க வாலிபர். பெற்றோர் சீனாவில் இருந்து வந்து குடியேறியவர்கள். ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி.

2016-ல் இடுப்பில் அடிபட்டு, ஆபரேஷன் நடந்தது. பல மாதம் தாவக் கூடாது என்று நிலைமை. பொறுத்திருந்தார். 2017-ல் திரும்பி வந்து, அமெரிக்கப் பட்டத்தை வென்றார். ஓய்வு என்பது வீண் நேரம் அல்ல.

2018-ல் தென் கொரியாவில் ஒலிம்பிக். "நேதனுக்குப் பதக்கம் நிச்சயம்" என்று பலர் பேசினார்கள். முதல் நாள் ஆட்டத்தில், தாவிய தாவல் எல்லாம் தவறின. கிடைத்த இடம், 17!

உலகமே பார்த்த தோல்வி. ஒரே ஓர் இரவுதான் இடைவெளி.

மறுநாள் களத்தில் இறங்கினார். நாலு சுற்றுத் தாவலை ஆறு தடவை தாவினார். ஒரு தடவை கூட விழவில்லை. அன்றைய ஆட்டத்தில் அவருக்குத்தான் முதல் மார்க். ஆனாலும் முதல் நாள் போன மார்க் போனதுதான். மொத்தத்தில் 5-வது இடம். பதக்கம் இல்லை.

நான்கு வருடம் காத்திருந்தார். 2022-ல் பீஜிங் ஒலிம்பிக். முதல் நாள் ஆட்டத்திலேயே 113.97 மார்க் வாங்கி, உலக சாதனை செய்தார். முடிவில் தங்கப் பதக்கம்!

பெற்றோருக்கு

பனிக்கட்டி மேல் ஆடினாலும் சரி. பாட்டு, கணக்கு, தையல் எதைக் கற்றாலும் சரி. தேக்கம் வரும்போது, குழந்தை முதலில் பார்ப்பது வீட்டாரின் முகத்தைத்தான்.

"இத்தனை பணம் கொட்டினோமே!" என்று சொல்லாதீர்கள். "அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வந்துவிட்டதே!" என்றும் சொல்லாதீர்கள்.

"இன்று வந்ததா?" என்று கேட்காமல், "இன்று என்ன முயற்சி செய்தாய்?" என்று கேளுங்கள். "இன்று பத்துத் தடவை தாவினேன்" என்று குழந்தை சொன்னால், அதையும் ஒரு வெற்றியாகக் கொள்ளுங்கள். தாவல் வருவது குழந்தையின் கையில் இல்லை. தாவுவது அதன் கையில் இருக்கிறது.

வலிக்கிறது என்றால் நம்புங்கள். வீக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலியோடு தாவுவது வீரம் அல்ல.

"போதும், இனி வேண்டாம்" என்று குழந்தை சொல்கிறதா? விழுந்து அழுத அன்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் போகட்டும். மனம் தெளிந்த பிறகும் வேண்டாம் என்றால், விட்டுவிடலாம். அதில் அவமானம் இல்லை. ஆனால், அழுகிற கண்ணோடு எடுத்த முடிவு பெரும்பாலும் சரியாக இருக்காது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நகரும்வரை, அது நகராதது போலத்தான் இருக்கும்!