ஏரியில் விடப்படும் மீனின் விலை

கனடா நாட்டின் வட பகுதியை நிலப்படத்தில் காண்போர், அங்கு நிலத்தைவிட நீரே மிகுதியோ என ஐயுறுவர். ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் 2,50,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளதாக அம்மாகாண அரசு கூறுகிறது. வடக்கே செல்லச் செல்ல இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சாலையும் இல்லை, இருப்புப்பாதையும் இல்லை. கோடைக் காலத்தில் அங்கு விரைந்து செல்லத் துணை நிற்பது, சக்கரங்களுக்குப் பதிலாக மிதவைகள் பொருத்தப்பெற்ற சிறு விமானம் ஒன்றே. அதில் ஏறி, ஆளரவமற்ற ஓர் ஏரிக்கரையில் அமைந்த மரவிடுதியை அடைந்து, அவ்வட்டாரத்தை நன்கறிந்த வழிகாட்டியுடன் ஒரு வாரம் தூண்டிலிட்டுத் திரும்புவது, கடந்த முக்கால் நூற்றாண்டில் அங்கு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது.

செல்வர்களின் பொழுதுபோக்குதானே என்று இதனை ஒதுக்கிவிடத் தோன்றலாம். ஆயினும், உழவுக்கும் ஆலைக்கும் இடங்கொடாத நிலப்பகுதியில் வருவாய் எவ்வாறு பிறக்கிறது, அது யார் கையைச் சென்றடைகிறது, எதனால் அழிந்துபோகிறது என்பவற்றை ஆராயும் பொருளாதார மாணவருக்கு இத்தொழில் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

விமானமும் விடுதியும்

இத்தொழிலின் அடித்தளம் விமானமே. கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் வடித்த 'பீவர்' விமானம் 1947 ஆகஸ்டு 16ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. 450 குதிரைத் திறன் கொண்ட ஒற்றை எஞ்சின்; விமானியுடன் ஏறத்தாழ ஆறு பேர் செல்லலாம். 1967இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 1,600க்கும் மேற்பட்ட பீவர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பல இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன. இவ்விமானத்திற்கு ஓடுதளம் தேவையில்லை, ஏரியே ஓடுதளம். இயற்கை தானாகவே அமைத்துக் கொடுத்த இந்தக் கட்டமைப்பு இல்லாவிடில் இத்தொழில் தோன்றியிருக்கவே முடியாது எனலாம்.

பயணி வின்னிபெக் போன்ற நகரத்திலிருந்து ரெட் லேக், சூ லுக்அவுட், கெனோரா முதலிய சிற்றூர்களில் ஒன்றை அடைகிறார். அங்குள்ள படகுத்துறையில் அவருடைய மூட்டை முடிச்சுகள் எடையிடப்படுகின்றன. மிதவை விமானத்தில் எடையே எல்லாவற்றையும் முடிவு செய்வது. மூடுபனியோ பலத்த காற்றோ இருப்பின் விமானம் புறப்படாது. ஒரு நாள் முழுவதும் துறையிலேயே காத்திருக்க நேர்வதும் உண்டு.

போய்ச் சேரும் இடத்தில் சில மரக்குடில்கள், ஒரு பொதுச் சமையற்கூடம், மின்னாக்கி, அலுமினியப் படகுகள் ஆகியவை இருக்கும். காலையில் வழிகாட்டி படகைச் செலுத்த, விருந்தினர் இருவர் தூண்டிலிடுவர். வால்ஐ, வடபுலத்துப் பைக், ஏரி டிரௌட், கிரேலிங் ஆகியவையே முக்கியமான மீன்கள். நண்பகலில் படகைக் கரையேற்றி, காலையில் பிடித்த மீன்களில் நடுத்தரமான சிலவற்றை வழிகாட்டியே அரிந்து, விறகடுப்பில் இரும்புச் சட்டி வைத்து உருளைக்கிழங்குடன் பொரித்துத் தருவார். இந்தக் கரையுணவு இத்தொழிலின் ஒரு சடங்கு போன்றது. வழிகாட்டியும் விருந்தினரோடு அமர்ந்து அதே மீனை உண்பார். இச்செய்தி பின்னர் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஒரு வாரத்துக்கு ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் என்னும் கட்டணம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் படகு, எரிபொருள், கூரைத் தகடு, மாவு மூட்டை என ஒவ்வொன்றும் விமானத்தின் மூலமோ, குளிர்காலத்தில் உறைந்த பனிமீது இழுத்தோ கொண்டுவரப்பட வேண்டும். பருவமோ மிகக் குறுகியது. ஒன்டாரியோவில் மே மாதத்தின் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை; இன்னும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுக் கிடக்கும் கிரேட் பேர் ஏரியிலோ ஜூலையில்தான் பனிக்கட்டி முற்றிலும் உடையும். ஆண்டு முழுவதற்குமான முதலீட்டுச் செலவைச் சில வாரங்களின் வருவாய் தாங்கியாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஓராண்டே தவறியதாகும். விருந்தினரில் பெரும்பாலோர் அமெரிக்க நாட்டினர் என்பதால், பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் மூடப்பட்ட எல்லை 2021 ஆகஸ்டில் அமெரிக்கர்க்குத் திறக்கப்படும் வரை, இவ்விடுதிகள் ஒரு பருவம் முழுவதையும் அடுத்த பருவத்தின் பெரும்பகுதியையும் இழந்தன.

பிடித்ததை விடுவது ஏன்?

ஏரி டிரௌட் மிக மெதுவாக வளரும் மீன். குளிர்ந்த, ஊட்டம் குறைந்த வடபுல நீரில் அது இனப்பெருக்கத்துக்குரிய வயதை எட்டவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த மீன்களும் அறியப்பட்டுள்ளன. 1995இல் கிரேட் பேர் ஏரியில் தூண்டிலில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவு பெற்ற டிரௌட்டின் எடை 32.65 கிலோ. இத்தகைய மீன் ஒன்றைக் கொன்றால் அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை ஆகிறது.

வலையில் அகப்பட்ட மீன் சந்தையில் எடைக்கு ஏற்ப ஒரே முறை விலை பெறுகிறது. தொலைவிலுள்ள ஏரியாயின் அவ்விலையின் பெரும்பகுதியை ஏற்றுமதிக் கூலியே விழுங்கிவிடும். 1969இல் கனடிய மத்திய அரசு வின்னிபெக்கைத் தலைமையிடமாகக் கொண்டு நன்னீர் மீன் விற்பனைக் கழகத்தை அமைக்க நேர்ந்ததற்கு, வட புலத்து மீனவர் நல்ல விலை பெற இயலாமையே காரணம். தூண்டிலில் பிடிபட்டு மீண்டும் நீரில் விடப்படும் பெரிய மீனோ அடுத்த ஆண்டும் ஒரு விருந்தினரை வரவழைக்கும். சந்தையில் விற்கப்படாத இத்தகைய பொருளுக்கு மதிப்பிடுவது எங்ஙனம்? அதே 1947இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்னும் பொருளியலறிஞர், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதமொன்றில், மக்கள் ஓரிடத்தை அடையச் செலவிடும் பயணச் செலவிலிருந்தே அவ்விடத்தின் மதிப்பைக் கணிக்கலாம் என்று வழிகாட்டினார். விமானத்திலன்றிச் செல்ல இயலாத ஏரி, அக்கணிப்பு முறைக்கென்றே படைக்கப்பட்டதுபோல் உள்ளது.

ஏரிகள் பெரும்பாலும் அரசு நிலத்தைச் சேர்ந்தவை. ஆகவே, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டால் பொதுச் சொத்துக்கு நேரும் கதியே நேரும். இதனைத் தடுக்க மாகாண அரசுகள் உரிமம் வழங்குகின்றன. ஒன்டாரியோவின் பெரும்பாலான மண்டலங்களில் முழு உரிமம் பெற்றவர் நான்கு வால்ஐ வரை வைத்துக்கொள்ளலாம். கட்டணம் குறைந்த 'பாதுகாப்பு உரிமம்' பெற்றவர்க்கு இரண்டே. முட்டை மிகுதியாக இடும் பெரிய பெண் மீன்களைக் காக்க அளவு வரம்பும் உண்டு. மனிடோபாவில் எதிர்முள் இல்லாத தூண்டிலே பயன்படுத்தப்பட வேண்டும். விடப்பட்ட மீன்கள் அனைத்தும் பிழைத்துவிடுவதில்லை என்பதையும் கூறவேண்டும். ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்பட்டவையும், வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் போராடியவையும் பின்னர் மடிவதுண்டு.

நமது நாட்டிலும் இதற்கு ஓர் ஒப்புமை இருந்தது. கர்நாடகத்தில் காவிரிக்கரையில் பீமேஸ்வரி, காலிபோர் ஆகிய இடங்களில் இயங்கிய முகாம்களில் மஹ்சீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்து ஆற்றிலேயே விட்டனர். முன்னர் வெடி வைத்தும் வலையிட்டும் திருட்டுத்தனமாக மீன் பிடித்தோர் சிலர் அங்கு வழிகாட்டிகளாயினர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள்கோளை ஒட்டி, 2010களின் தொடக்கத்தில் சரணாலயப் பகுதியில் தூண்டிலிடுதல் நின்றது. முகாம்கள் விட்டுச்சென்ற பதிவேடுகள் பின்னர் ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்பட்டன. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் குறைந்து வருவதும், வெளியிலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகி வருவதும் அப்பதிவேடுகளின் வாயிலாகவே தெளிவாயின. திமில் மஹ்சீர் 2018இல் மிக அருகிய இனமாகப் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வழிகாட்டிகளும் பாதரசமும்

பாறை எங்கே மறைந்துள்ளது, எந்தக் காற்றில் மீன் எந்தக் கரைக்கு ஒதுங்கும் என்பதை அறிந்தவர் கிரீ, ஒஜிப்வே, டேனே முதலிய பூர்வகுடியினர். விடுதிக்கு முதல் போட்டவர் பெரும்பாலும் வெளியார், விருந்தினரும் வெளியார், உணவும் எரிபொருளும் வெளியிலிருந்து வருபவை. உள்ளூரில் தங்குவது கூலி மட்டுமே. கசிவு மிகுந்த இந்த அமைப்பிலும், வேறு வேலை வாய்ப்பில்லாத ஊர்களுக்கு அக்கூலி பெரிதாகவே இருந்தது. அது எவ்வளவு எளிதில் அறுந்துபோகக் கூடியது என்பதற்கு கெனோராவுக்கு வடக்கேயுள்ள கிராஸி நேரோஸ் என்னும் ஒஜிப்வே ஊர் சான்று.

இவ்வூரார் இங்கிலீஷ்–வாபிகூன் ஆற்றுத்தொகுதியின் கரையில் வாழ்கின்றனர். ஆற்றின் மேற்பகுதியில் டிரைடன் நகரிலுள்ள காகித ஆலைக்கு வெண்மையூட்டும் வேதிப்பொருள் தருவதற்காக அமைந்த தொழிற்சாலை, 1962 முதல் 1970 வரை சுமார் 9,000 கிலோ பாதரசத்தை ஆற்றில் கலந்தது. நீரடியில் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றின. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்குச் செல்லச் செல்ல நஞ்சின் அடர்வு கூடியது. பிற மீன்களைத் தின்று வாழும் வால்ஐயிலும் பைக்கிலும் அது உச்சத்தை எட்டியது. விருந்தினர் எந்த மீனை நாடி வந்தனரோ, வயதில் மூத்த அப்பெரிய மீனே மிகுந்த நஞ்சுடையதாயிற்று.

1970இல் அரசு வணிக மீன்பிடிப்பைத் தடை செய்தது. கிராஸி நேரோஸ் மக்கள் பலருக்கு வேலை தந்துவந்த பால் ஏரி விடுதியை அதன் உரிமையாளர் அவ்வாண்டே மூடினார். வேறு சில விடுதிகள் தொடர்ந்து நடந்தன. மீன் பிடிப்பது இன்பத்துக்கே, உண்பதற்கன்று என்னும் அறிவிப்புகள் வைக்கப்பட்டன. ஒரு வாரம் தங்கிச் செல்லும் விருந்தினருக்கு அது போதிய எச்சரிக்கையாகலாம். நாள்தோறும் கரையுணவு சமைத்து உண்டு, வீட்டிலும் அதே ஆற்று மீனை நம்பியிருந்த வழிகாட்டிக்கு? அவருக்குக் கூலி தந்ததும் உணவு தந்ததும் ஒரே நீர்நிலை. இரண்டும் ஒரே ஆண்டில் பறிபோயின. 1975இல் ஜப்பானிய மருத்துவர் மசசுமி ஹராதா அங்கு வந்து மக்களைப் பரிசோதித்து, மினமாட்டாவில் கண்ட நோய்க்குறிகளை அங்கும் கண்டார்.

இழப்பீட்டு உடன்பாடு கையெழுத்தாவதற்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசுகளும் நிறுவனங்களும் சேர்ந்து, கிராஸி நேரோஸுக்கும் அதன் அண்டை ஊரான வாபசீமூங்குக்கும் சுமார் 1.67 கோடி கனடிய டாலர் அளித்தன. மறு ஆண்டு பாதரசப் பாதிப்பு வாரியம் அமைந்தது. ஆற்றைத் தூய்மை செய்ய ஒன்டாரியோ அரசு 8.5 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது 2017இல்தான். நோயுற்றோர்க்கான பராமரிப்பு இல்லம் அமைக்க மத்திய அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது 2020இல். ஆலைக்கு அக்காலத்தில் மிச்சமான கழிவகற்றும் செலவையும், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தொடரும் இச்செலவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கணக்கு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் அன்று இடம்பெறவில்லை.

சட்டத்தின் நிலை இதற்கிடையே மாறியுள்ளது. கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பூர்வகுடியினரின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதி செய்தது. 1990இல் ஸ்பாரோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரிசை முறையையும் வகுத்தது: மீன் வளத்தைக் காப்பது முதலில், அடுத்துப் பூர்வகுடியினர் உணவுக்காகப் பிடிப்பது, வணிக மீன்பிடிப்பும் பொழுதுபோக்குத் தூண்டிலும் அதற்குப் பிறகே.

கிரேட் பேர் ஏரியில் இம்மாற்றம் இன்னும் ஒரு படி சென்றுள்ளது. ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்வேரியின் கரையில் டெலினே என்ற ஒரே ஊர்தான் உள்ளது. மக்கள் சுமார் ஐந்நூறு பேர். ஏரியும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியும் 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. அவ்வாண்டு செப்டம்பரில் டெலினே மக்களின் தன்னாட்சி அரசும் நடைமுறைக்கு வந்தது. கரையிலுள்ள மீன்பிடி விடுதிகளுக்குக் கோடையில் விமானங்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. ஏரியைக் காப்பது பற்றிய பேச்சில் இப்போது அவ்வூர் மக்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.