சுருட்டை முடியை நீட்ட பிணவறை மருந்தா? பியூட்டி பார்லரில் கண் எரிந்து தங்கை ஓட்டம்!

சென்னை:-

"சுருட்டை முடி சோறு போடும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். சோறு போடுகிறதோ இல்லையோ, சென்னையில் சுருட்டை முடிக்காரப் பெண்கள் பியூட்டி பார்லர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

முடியை நீட்டிவிட ஆயிரக்கணக்கில் பணம். நாலைந்து மாதத்தில் வேரிலிருந்து மறுபடி சுருட்டை முளைக்கிறது. மறுபடி பார்லர். மறுபடி பணம்!

எனக்கு வழக்கமான வேலை கொலை, கொள்ளை, தண்ணீர் லாரி, குப்பை லாரி. தலைமுடி பற்றி எழுத வந்ததற்குக் காரணம் சொந்தத் தங்கை.

அவளைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. "இந்தப் பரட்டைத் தலையோட எப்படிண்ணே போய் உட்கார்றது?" என்று ஒரே அழுகை. அம்மாவும் அவள் பக்கம். துணைக்கு நான் போனேன்.

குப்பென்று அடித்த நெடி

நகரில் உள்ள ஒரு பார்லர். பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, ஜன்னல் எல்லாம் மூடிக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணின் தலையில் கிரீம் தடவி, காய வைத்து, பழுக்கக் காய்ந்த இடுக்கியால் முடியை இஸ்திரி போடுவது போல இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இழுக்க இழுக்கப் புகை. குப்பென்று ஒரு நெடி. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

அந்த நெடி எனக்குப் பழக்கமான நெடி! செய்தி எடுக்கப் பிணவறைப் பக்கம் பல தடவை நின்றவன் நான். பிணம் கெடாமல் இருக்கப் போடுகிற பார்மலின் வாடை அப்படியே அடித்தது.

"டப்பாவைக் காட்டுங்க" என்றேன். காட்டினார்கள். லேபிள் பாதி கிழிந்திருந்தது. இஸ்திரி போட்ட பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "சாயந்திரம் ஆனா தொண்டை கம்மிடும் சார், பழகிப் போச்சு" என்றாள்.

தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டாள்!

அது என்ன சமாசாரம்?

பார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் அதுதான் பார்மலின். 2018ல் மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்று கேரளத்திலும் சென்னையிலும் ஒரே களேபரம் நடந்ததே, அதே சரக்குதான். முடியை நீட்டும் சில கிரீம்களில் இது இருக்கிறது. சிலவற்றில் வேறு பெயரில் ஒளிந்திருந்து, சூடு பட்டவுடன் வெளியே வருகிறது.

இது மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ல் அறிவித்தது. ஒரு தடவை வந்து போகிற வாடிக்கையாளரைவிட, நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கிற வேலைக்காரப் பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம். அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"எங்க கிரீம்ல பார்மால்டிஹைடு இல்லை" என்று சொல்லி விற்கிற சரக்கும் உண்டு. அவற்றில் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. இது தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போய், சிறுநீரகத்தில் உப்புப் படிகமாக நிற்கிறது என்று சந்தேகம்.

26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தலைமுடியை நீட்டிக்கொண்டார். மூன்று தடவையும் வாந்தி, முதுகு வலி, சிறுநீரகப் பாதிப்பு! பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் 2024ல் இதை வெளியிட்டார்கள். அதே கிரீமை எலிகளுக்குத் தடவிப் பார்த்தார்கள். எலியின் சிறுநீரகத்திலும் படிகம்! அதற்கு முந்தைய ஆண்டு, இஸ்ரேலில் இதே மாதிரி 26 பேர் பாதிக்கப்பட்டதாக அறிக்கை வந்தது.

அமெரிக்காவில் 33 ஆயிரத்து 497 பெண்களைக் கவனித்து 2022ல் வெளியிட்ட ஆய்வும் ஒன்று உண்டு. ஆண்டுக்கு நாலு தடவைக்கு மேல் முடியை நீட்டும் மருந்து போட்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது அல்லவா?

முடியின் ஜாதகம்

நேர் முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும். சுருட்டை முடி நீள்வட்டம். முடி முளைக்கிற குழியே வளைந்து இருக்கிறது. அது பிறவி அமைப்பு. மேலே என்ன தடவினாலும் குழி நிமிராது.

தலையில் சுரக்கிற எண்ணெய் நேர் முடியில் சர்ரென்று நுனி வரை இறங்கிவிடும். சுருட்டையில் வளைவுக்கு வளைவு தட்டி நிற்கும். அதனால்தான் மண்டை பிசுக்கு, நுனி வைக்கோல்! வறண்ட முடி காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மெரினாவுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் தலை புதர்தான்.

ஆக, சுருட்டை முடிக்கு வேண்டியது நீட்டும் மருந்து அல்ல. ஈரப்பசையும் எண்ணெய்ப்பசையும்தான்.

குற்றவாளிகள் வீட்டிலேயே!

வீட்டுக்கு வந்து விசாரணையில் இறங்கினேன். தங்கை என்ன செய்கிறாள் என்று ஒரு வாரம் கவனித்தேன். முதல் குற்றவாளி துண்டு! குளித்து வந்தவுடன் குனிந்து நின்று முடியைத் துண்டால் சடார் சடார் என்று அடிக்கிறாள். ஈர முடி இளகி நிற்கும். அப்போது அடித்தால் இற்றுப் போகும். அடிக்காமல், பழைய வேட்டித் துணியிலோ பனியன் துணியிலோ அள்ளி அமுக்கினாலே தண்ணீர் இறங்கிவிடும்.

அடுத்தவர் சீப்பு. முழுக்கக் காய்ந்த பிறகு பொடிப்பல் சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பு. சிக்கு எல்லாம் கீழே போய் முடிச்சு விழுகிறது. கொத்துக் கொத்தாக முடி சீப்போடு வருகிறது. சுருட்டை முடியை ஈரத்தில், வழுவழுப்பு ஏதாவது தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏற வேண்டும். கண்டிஷனர் வாங்க முடிந்தால் சரி. இல்லாவிட்டால் செம்பருத்தி இலை இருக்கிறது. அரைத்தால் கொழகொழ என்று வரும். அதில் சீப்பு வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது. காய்ந்த பிறகு சீப்பு படவே கூடாது. விரலால் கோதினால் போதும்.

தினமும் ஷாம்பு போட்டால் இருக்கிற எண்ணெயும் போய்விடும். செவ்வாய், வெள்ளி என்று நம் வீடுகளில் வைத்திருந்த கணக்கு சுருட்டை முடிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது! சீயக்காய் போடுகிறவர்கள் வடித்த கஞ்சியில் கரைத்து, துணியில் வடிகட்டிப் போடுங்கள். திப்பி சுருளுக்குள் போய் உட்கார்ந்தால் வெளியே வராது.

எண்ணெய் தேய்ப்பதும் குளிப்பதற்கு முன்னால்தான் முக்கியம். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003ல் ஒரு ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் இறங்கி, குளிக்கும்போது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது. அம்மா உடனே, "இதைத்தான் நான் இருபது வருஷமா கத்துறேன்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

போர் தண்ணீர் தொல்லை

இந்த ஊரில் தண்ணீர் பற்றி எழுதாமல் எதை எழுதுவது? போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு முடிமேல் பூச்சு போல ஒட்டுகிறது. சோப்பு நுரைக்காத தண்ணீரில் தலைமுடி மட்டும் மினுமினுக்குமா? கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றி அலசினால் வித்தியாசம் கைக்கே தெரிகிறது. லாரிக்குக் குடத்தோடு நிற்கிற வீட்டில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தாய்மார்களே! பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரெட்டை ஜடை போடும்போது சுருட்டை அடங்க வேண்டும் என்று நெற்றி இழுபடும்படி இறுக்காதீர்கள். "மண்டை வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை. வருடக் கணக்கில் இறுக்கினால் காதோரம், நெற்றியோரம் முடி ஏறிப் போய்விடும். வேர் செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் சீழ் வைத்தாலோ கைவைத்தியம் வேண்டாம். ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளில் தோல் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

தங்கை இரண்டு மாதமாக இப்படித்தான் செய்கிறாள். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. "உன் பேச்சைக் கேட்டு மோசம் போனேன்" என்று திட்டினாள். மூன்றாவது வாரம் சீப்பில் வருகிற முடி குறைந்தது. இப்போது சுருள் சுருளாகத் தனித்தனியே நிற்கிறது. படுக்கும்போது தளர்வாக ஒற்றை ஜடை, தலையணைக்கு அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையில் தைத்த உறை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து போய்விட்டார்கள். முடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகை பற்றித்தான் கேட்டார்கள்!

பார்லரில் கட்டிய அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.