கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள்

2024ஆம் ஆண்டு ஷா ஆலாமில் குட்இயர் டயர் தொழிற்சாலை மூடப்பட்டபோது சுமார் 550 பேர் வேலை இழந்தார்கள். நாடே அதைப் பேசியது. ஜித்ரா பக்கம் ஒரு தோட்டமோ சிறிய தொழிற்சாலையோ பத்துப் பேரை நிறுத்தினால் அது செய்தியாவதில்லை. ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வியாபாரம் நலிந்தால் ஆள்குறைப்புச் செய்ய முதலாளிக்கு உரிமை உண்டு. வெறுங்கையோடு அனுப்பத்தான் உரிமை இல்லை. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் இழப்பீடு வழங்கச் சொல்கின்றன. ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு 240 நாள் சம்பளம் வரும். ஏறக்குறைய எட்டு மாத வருமானம்! வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். முன்னறிவிப்பு தனி. ஐந்தாண்டு கடந்தவருக்கு எட்டு வாரம், அல்லது அதற்கான சம்பளம்.

அதே வேலையில் அந்நியத் தொழிலாளர்கள் இருந்தால் முதலில் அவர்களைத்தான் நிறுத்த வேண்டும். தோட்டம் கைமாறினால், புதிய முதலாளி பழைய சலுகைகள் குறையாமல் ஏழு நாளுக்குள் வேலை கொடுக்க முன்வர வேண்டும். இல்லையென்றால் அதுவும் பணிநீக்கமே, இழப்பீடு உண்டு.

இத்தனையும் ஒரு கையெழுத்தில் போய்விடலாம். நிர்வாகம் நீட்டும் தாள் பணிநீக்கக் கடிதமா, ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்ற ராஜினாமாவா? ராஜினாமா என்றால் இழப்பீடும் இல்லை, சொக்சோ உதவியும் இல்லை. மொழி புரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பிள்ளையிடம் காட்டலாம். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018இல் தொடங்கியது. தகுதி பெற்றவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 விழுக்காடு என்று குறைந்துகொண்டே ஆறு மாதம் வரை உதவி கிடைக்கும். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஆள்குறைப்பு என்று சொல்லி நிறுத்திவிட்டு, அதே வேலைக்கு வேறு ஆளை வைத்தால்? தொழில்துறை உறவு இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கும் 60 நாள்தான் கெடு. இழப்பீட்டுப் பாக்கிக்கு அலோர் ஸ்டார் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. பணிநீக்கக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.